புயு மீன் சமைக்க விரும்பும் ஆண்களுக்குச் சில ஆலோசனைகள்

தேவையானவை: புயு மீன் ஒரு கிலோ. கல் உப்பு தாராளமாக. அடுப்புச் சாம்பல் இரண்டு கைப்பிடி. பழைய கத்தரிக்கோல் ஒன்று. எலுமிச்சம்பழ அளவு புளி. கனமான மூடியுள்ள வாளி. வேறு வேலை எதுவும் இல்லாத ஒரு காலைப்பொழுது. இவற்றில் கடைசியாகச் சொன்னது மட்டும் சுங்கைப்பட்டாணி முழுக்கத் தேடினாலும் விலைக்குக் கிடைக்காது. அதனால்தான் இந்த மீனும் நம் வீட்டுச் சட்டியில் கிடைப்பதில்லை.

இது ஆண்களுக்கான கையேடு. தோட்டத்தில் பிறந்து லயத்து வீட்டுப் பின்வாசலில் மீன் ஆய்ந்த எந்த அம்மாவுக்கும் இதில் புதிதாக ஒன்றும் இல்லை. புயுவின் அருமை பெருமையைக் கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் ஆண்கள்தான். "அந்தக் காலத்துல எஸ்டேட் அலூர்ல புயு பிடிச்சோம் பாரு, எங்கம்மா வச்ச கொழம்பு இன்னும் நாக்குல நிக்குது லா" என்பார்கள். பிடித்த கதை அரை மணி நேரம் ஓடும். தின்ற கதை கால் மணி. நடுவில் அம்மா செய்த வேலை "வச்சாங்க" என்பதோடு முடிந்துவிடும். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையனுப்பிக் கடாரம் கொண்டான் என்று கல்வெட்டு இருக்கிறது. கடாரத்து மீனை அன்றைக்கு யார் ஆய்ந்து கொடுத்தார்கள் என்பதைப் பொறிக்கக் கல்லில் இடம் போதவில்லை. கடாரம் என்ற இந்தக் கெடாவில் அந்த வழக்கம் ஆயிரம் ஆண்டாக அப்படியே இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றி. மலாய்க்காரர் புயு என்பதை நம் பாட்டிமார் பனையேறிக் கெண்டை என்றார்கள். பெரும்பாலும் உள்ளங்கை நீளம். கறுத்த பச்சை உடம்பு, கெட்டிச் செதில், செவுள் மூடியின் ஓரத்தில் ரம்பப் பல். முதுகுத் துடுப்பில் 16 முதல் 20 வரை முள், வயிற்றுக்கடியில் இன்னும் ஒன்பது, பத்து. செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருப்பதால் இது காற்றையும் குடிக்கும். தண்ணீர் கெட்டுப்போனாலும் கவலையில்லை, மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போகும். குட்டை வற்றினால் செவுள் மூடியை ஊன்றி ஊன்றித் தரையில் நடந்து அடுத்த குட்டைக்குக் குடிபோகும். தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது நாமும் அப்படித்தான் தாமான் வீட்டுக்கு வந்தோம். நமக்கு நோட்டீஸ் கொடுத்தார்கள் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

மரம் ஏறும் என்ற புகழும் இதற்கு உண்டு. தரங்கம்பாடி டேனிஷ்காரர் கையில் இருந்த காலத்தில், டால்டார்ஃப் என்ற அவர்களுடைய ராணுவ அதிகாரி, 1791இல் ஒரு பனைமரத்தில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னியன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சாகி ஐரோப்பா முழுக்கப் பேச்சானது. காக்கையும் பருந்தும் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் போட்டதாக இருக்கும் என்று பின்னால் வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்கு டால்டார்ஃப் மீது சந்தேகம் உண்டு, மீன் மீது இல்லை. வாளியை மூடாமல் வைத்துப் பார்த்தவர்களுக்கு அது பனை ஏறும் என்பதை நம்புவதில் சிரமமே இருக்காது.

மீனுக்குள்ளும் மேல் கீழ் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விரால், அதாவது ஹாருவான், பெரிய இடத்து மீன். பிரசவமான பெண்ணுக்கும் ஆபரேஷன் ஆனவருக்கும் புண் ஆற ஹாருவான் வாங்கிக் கொடுப்பது மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்கில் சூப் கொண்டுவருவார்கள். கெளுத்தியைக் குளத்தில் வளர்த்து, பாசார் மாலாமில் பொரித்துச் சம்பல் தடவி விற்கிறார்கள். தலாப்பியா சீனர் கடை மேசை வரைக்கும் போய்விட்டது. டோரி என்ற பெயரில் வியட்நாம் கெளுத்தி பிளாஸ்டிக் பையில் உறைந்து வந்து, முள் இல்லை என்ற ஒரே தகுதியில் பிள்ளைகளின் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. புயுவுக்கு இப்படி எந்தப் பதவியும் இல்லை. சில மலாய் வீடுகளில் மட்டும் தீய சக்தி அண்டாது என்று ஜாடியில் விட்டு வளர்ப்பார்கள். பேய்க்கு ஆகாத மீன் நமக்கும் ஆகாது என்று முடிவுகட்டிவிட்டோம் போலிருக்கிறது.

இனி வேலை. மீன் பிடிப்பதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, அந்தப் பகுதி உங்களுக்கே மனப்பாடம். முசுறு எறும்பு முட்டையைத் தூண்டிலில் குத்தினால் புயு விடாது. மரத்தில் இலையைத் தைத்துக் கட்டிய முசுறுக் கூட்டைக் கலைத்து முட்டை எடுக்கும்போது உங்கள் உடம்பில் நடப்பதை மீன் கறியின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். அலூரை, அதாவது தோட்டத்து வாய்க்காலை, இரண்டு பக்கமும் மண்போட்டு மறித்து, வாளியால் தண்ணீரை இறைத்து, சேற்றில் கைவிட்டு அள்ளுவது பழைய தோட்டத்து முறை. பெருமழைக்கு மறுநாள் தோட்டத்துச் சாலையிலேயே அது நடந்துபோகும், பொறுக்கிக்கொள்ளலாம்.

எந்தத் தண்ணீரில் பிடிக்கிறீர்கள் என்பதில் மட்டும் விளையாடாதீர்கள். ஜெராய் மலைக்கு வடக்கே அலோர் ஸ்டார் வரைக்கும் வயல். கெடா மந்திரி வான் மாட் சமான் 1880களில் வெட்டத் தொடங்கிய கால்வாயே மலையடிவாரத்துக்கும் அலோர் ஸ்டாருக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 1970இல் மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்து இரண்டு போகம் விளைய ஆரம்பித்ததும் கெடாவின் நெல் பெருகியது. கூடவே உரமும் பூச்சிமருந்தும் பெருகின. வயலில் நெல்லோடு நெல்லாக வளர்ந்துகொண்டிருந்த புயுவும் செப்பாட்டும் கெளுத்தியும் குறைந்துபோயின. மருந்தடித்த வயலை ஒட்டிய வாய்க்காலில் துள்ளும் மீன் துள்ளட்டும், விட்டுவிடுங்கள். தொழிற்பேட்டைச் சாக்கடைப் புயுவும் அப்படியே. இது எங்கேயும் உயிரோடு இருக்கும். அதனால் மீன் உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்லிவிட முடியாது.

பிடிக்கும்போது கை இரண்டிலும் வேலை இருந்தால் மீனை வாயில் கவ்விக்கொள்வது ஒரு பழைய வழக்கம். இது கேலிக் கையேடுதான், ஆனால் இந்த வரி கேலி இல்லை: செய்யாதீர்கள். வழுக்கித் தொண்டைக்குள் போனால் முதுகு முள்ளும் செவுள் முள்ளும் விரிந்து மாட்டிக்கொள்ளும். உள்ளே போன வழியில் வெளியே இழுக்க முடியாது. இப்படி மூச்சடைத்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் விட்டுவையுங்கள், தண்ணீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். வயிற்றுச் சேறு கழியும். வாளிக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் அம்மிக்குழவி வைக்க வேண்டும். அம்மிக்குழவி இல்லாத வீட்டில் அரிசி மூட்டை. வெறும் தட்டு வைத்தால் காலையில் வாளி காலி, சோபாவுக்கு அடியில் சலசலப்பு. இந்த மீன் உடம்பு நனைந்திருந்தால் மணிக்கணக்கில் தரையில் தாங்கும் என்பதால் தேடுவதற்கு அவசரமில்லை. மனைவி எழுந்திருப்பதற்குள் தேடி முடித்தால் போதும்.

அடுத்தது கொல்வது. கோப்பிக்கடைக் கதைகளில் இந்தக் கட்டம் வராது. கெம்போங், அதாவது கானாங்கெளுத்தி, கடையிலிருந்து வரும்போதே செத்து, ஐஸில் படுத்து, கண்ணைத் திறந்துகொண்டு வருகிறது. புயு உங்கள் கண்ணெதிரே உயிரோடு இருக்கும், அதைச் சாகடிக்க வேண்டியவர் நீங்கள். ஐஸ் கட்டி நிறையப் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால் அடங்கிவிடும். பிறகு கத்தியின் பின்புறத்தால் தலையில் ஓங்கி ஒரு அடி. அம்மாவிடம் ஐஸ் பெட்டி இல்லை. உப்பையும் சாம்பலையும் அள்ளிப்போட்டு மூடிவைத்தார், பாதி உயிர் இருக்கும்போதே ஆயத் தொடங்கினார், ஏனென்றால் தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. செதிலெல்லாம் போன பிறகும் மீன் கையில் துடிக்கும். இந்த இடத்தில் மனம் இளகி மீனைத் திரும்ப அலூரில் விட நினைப்பவர்கள் அப்படியே செய்யலாம். மற்றவர்கள் தொடருங்கள்.

ஆயும்போது மீனைக் கையில் பிடிப்பது எப்படி என்று பலரும் கேட்பார்கள். தலைப்பக்கமிருந்து உள்ளங்கையைத் தடவிக்கொண்டே வாருங்கள், முதுகு முள் பின்னால் படியும். வால் பக்கமிருந்து கைவைத்தால் அத்தனை முள்ளும் எழுந்து நிற்கும். கையில் பழைய துணியைச் சுற்றிக்கொள்வது கௌரவக் குறைவு இல்லை. முதலில் கத்தரிக்கோலால் முதுகுத் துடுப்பை அடியோடு வெட்டுங்கள், வாலிலிருந்து தலைப்பக்கமாக. பிறகு அடித் துடுப்பு, பக்கத் துடுப்பு. அதன்பின் செவுள் மூடியின் ரம்ப ஓரம். இதற்குள் உங்கள் விரலில் இரண்டு மூன்று இடத்தில் ரத்தம் வந்திருக்கும், மஞ்சள் வையுங்கள். நன்றாக வலிக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. வீங்கினால் கிளினிக்குக்குப் போங்கள், வாட்ஸாப்பில் வைத்தியம் கேட்காதீர்கள்.

செதில் எடுப்பது வாலிலிருந்து தலைக்கு. இதன் செதில் கெம்போங் செதில் மாதிரி தண்ணீர் பட்டதும் உதிராது, ஒவ்வொன்றும் தோலோடு வழக்காடும். சமையலறைச் சிங்க்கில் செய்யாதீர்கள். வெள்ளை டைல்ஸ், குளிர்சாதனப் பெட்டிக் கதவு, சாமி காலண்டர் எல்லாவற்றிலும் ஒட்டும். காய்ந்துவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அதை யார் சுரண்டுவார்கள் என்பதையும் யோசியுங்கள். பின்வாசலில், குழாயடியில், குந்தி உட்கார்ந்து செய்யுங்கள். கால் மரத்துப்போனால் எழுந்து நின்று மறுபடி உட்காருங்கள். ஒரு கிலோவில் சுமாராகப் பதினைந்து மீன் இருக்கும். நான்காவது மீனில் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். பார்க்காதீர்கள்.

வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை விரலால் தேய்த்து எடுங்கள். கசப்பு அங்கேதான் இருக்கிறது. தலையை வெட்டிப் போடுவது நகரத்துப் பழக்கம். செவுளைப் பிடுங்கிவிட்டுத் தலையைக் குழம்பில் விடுங்கள். பிறகு வழுவழுப்பு போகச் சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டும். கேஸ் அடுப்பு வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கல் உப்பும் அரிசி மாவும் போதும். சாமி அறை விபூதியும் சாம்பல்தானே என்று கிளம்பாதீர்கள்.

சேற்று நாற்றம் என்பார்களே, அதற்கு வருவோம், ஏனென்றால் புயு மீதுள்ள பெரிய குற்றச்சாட்டு அதுதான். தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் சில நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த தரையில் முதல் மழை விழும்போது எழும் வாசனையும் இதுவே. மழை நேரத்தில் சன்னலைத் திறந்து, மூச்சை இழுத்து, மண்வாசனை என்று உருகி நாலு வரி கவிதை எழுதி முகநூலில் போடுகிறவர், அதே சாமான் மீனில் இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தள்ளிவைக்கிறார். ஜியோஸ்மின் புளிப்பில் சிதைந்துவிடும். ரசாயனம் படித்தவர்கள் சொல்வது இது. எட்டாம் நம்பர் லயத்தில் இருந்த ஆயாக்கள் எந்த ஆய்வுக்கூடத்துக்கும் போகாமல், மீனை நாற்பது நிமிடம் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, உப்பு மஞ்சள் தடவி, மறுபடி கழுவி இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். மலாய்க்காரர் வீட்டில் இதே வேலையை அசாம் கெப்பிங் செய்கிறது. பாலிங் பக்கத்துப் பெக்காசாம் அந்த வித்தையின் உச்சம்: ஆற்று மீனை உப்பில் ஊறவைத்து, வறுத்துப் பொடித்த அரிசியும் புளிப்பும் சேர்த்து ஜாடியில் அடைத்துப் புளிக்கவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் ஜாடியிலிருந்து வருவது முற்றிலும் வேறு நாற்றம், ஆனால் பொரித்தால் சோறு காணாது. நம்மவர்கள் பெக்காசாமை ரிங்கிட் கொடுத்து வாங்குவார்கள். அலூர் மீனை இளக்காரமாகப் பார்ப்பார்கள்.

குழம்பு சுலபம், ஆய்ந்த பிறகு எல்லாமே சுலபம்தான். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் வெந்தயம், பெருஞ்சீரகம், கருவேப்பிலை, முழுதாகச் சின்ன வெங்காயம் இருபது, தட்டிய பூண்டு. தக்காளி மசிந்ததும் மீன் கறித்தூள். கெடாத் தோட்டப் பெண்கள் மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த தூள் சிறந்தது. இல்லாவிட்டால் பாபாஸ் தூளைக் குறைசொல்ல மாட்டேன். புளிக்கரைசல் ஊற்றிப் பச்சை வாசம் போகக் கொதிக்கவிட்டு, கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் வேகவைத்து, கடைசியாக மீன். மீன் விழுந்த பிறகு கரண்டி போடாதீர்கள், சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். தேங்காய்ப்பால் வேண்டாம். மஞ்சளும் சிலி பாடியும் அரைத்துப் பால் ஊற்றி மலாய்க்காரர் வைக்கும் மாசாக் லெமாக் தனி வகை, அதை அவர்கள் வீட்டிலேயே சாப்பிடுவது நல்லது. நம் குழம்பு புளியிலேயே நிற்க வேண்டும். வைத்த அன்றைக்குச் சுமார், மறுநாள் காலைப் பழைய சோற்றுக்குத்தான் அது குழம்பாகும்.

பொரிப்பதானால் இரண்டு பக்கமும் நெருக்கமாகக் கீறுங்கள், அரை விரல்கூட இடைவெளி வேண்டாம். உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் மட்டும். அடங்கிய தீயில் நீண்ட நேரம் பொரித்தால் சின்ன முள் எல்லாம் மொறுமொறுவென்று கறியோடு போய்விடும், நடு முள் ஒன்றுதான் மிஞ்சும். பொரித்த புயுவுக்கும் கள்ளுக்கும் உள்ள உறவைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946இல் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து நின்ற வட்டாரம் இது. ரசமும் சோறும் போதும்.

இவ்வளவு ருசியான மீன் ஏன் மறைந்தது என்றால், எல்லாரும் பூச்சிமருந்தைக் காட்டுவார்கள். அது பாதி உண்மை. பாயாக்காட்டிலும் செம்பனைத் தோட்ட வாய்க்காலிலும் புயு இன்னும் இருக்கிறது, பிடித்தும் விற்கிறார்கள். மீதிப் பாதிக்கு ஃபேக்டரி பஸ்ஸைப் பார்க்க வேண்டும். பால்மரம் வெட்டிய பெண்களின் மகள்கள் சுங்கைப்பட்டாணித் தொழிற்பேட்டைக்கும், 1996இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்குக்கும், பாலம் தாண்டி பாயான் லெப்பாசுக்கும் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று சிப் பார்த்துவிட்டு வந்தவளிடம் பதினைந்து புயுவை நீட்டினால் என்ன நடக்கும்? அவள் கெம்போங் வாங்கினாள், கடைக்காரர் வெட்டிக் கழுவிக் கொடுத்தார். புயுவை வெட்டித்தரச் சொன்னால் அவரே, "இது மட்டும் கேக்காதீங்க அக்கா, கை போயிரும்" என்றார். அம்மா வீட்டில் சும்மா செய்துகொடுத்த இரண்டு மணி நேர வேலைக்கு முதன்முறையாகக் கூலி கேட்கப்பட்டது. கொடுக்க யாரும் தயாராக இல்லை. மீனைத் தாழ்ந்த சரக்கு என்று சொல்லிவிட்டோம், அது செலவில்லாத வழி.

ஆகவே, புயு நம் வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிற அண்ணன்மார்களே, தம்பிமார்களே, சங்கம் அமைக்க வேண்டாம், நினைவுக் கட்டுரை எழுதவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ வாங்கி நீங்களே பின்வாசலில் உட்கார்ந்து ஆயுங்கள். ஆய்ந்த இடத்தையும் நீங்களே கழுவிவிடுங்கள்.